எஸ்டேட் ரோட்டுக்கு டீசல் பிக்கப்: எந்த என்ஜின் நீடித்து உழைக்கும்? உதவி தேவை

காபிக்காடு:
வணக்கம். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி பக்கம் எங்களுக்குக் காபியும் மிளகும் இருக்கிறது, நடுவே மலைவாழை. தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் மண்பாதை. அதில் கடைசி 400 மீட்டர் நல்ல ஏற்றம். மழை பெய்துவிட்டால் டயர் வரியெல்லாம் சேறு அடைத்து, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். வாரம் இரண்டு நாள் வாழைத்தார் ஏற்றி வத்தலக்குண்டு இறங்குவோம். 500, 600 கிலோ இருக்கும். மற்ற நாட்களில் தோட்டத்துக்குள்ளேயே உரம், ஆட்கள், காபிப் பழம் என்று சின்னச் சின்ன ஓட்டம்தான்.

இப்போது இருப்பது டூ வீல் டிரைவ் டீசல் பிக்கப், ஒன்பது வயது. கம்பெனி பெயர் வேண்டாம். மூன்று வருடத்தில் இரண்டு முறை கிளட்ச் மாற்றினேன், இரண்டு முறை இன்ஜெக்டர் (என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) போனது. என்ஜினே சரியில்லை என்று விற்றுவிட முடிவு செய்துவிட்டேன்.

அடுத்ததற்குப் பார்த்து வைத்திருப்பவை: டொயோட்டா ஹைலக்ஸ் 2.8, இசுசு வி-கிராஸ் 1.9, பழைய வி-கிராஸ் 2.5, மஹிந்திரா பொலேரோ கேம்பர் ஃபோர் வீல் டிரைவ். கேம்பர் 75 எச்பிதான் என்பதால் மனசு வரவில்லை. ஹைலக்ஸ் கைக்கு எட்டாத விலை. ஆனாலும் 15 வருடம் தாங்கும் என்றால் கடன் வாங்கத் தயார். பவரும் வேண்டும், ஆயுளும் வேண்டும். எதை எடுக்கலாம்?

ஏலக்காடு போடி:
என்னிடம் 2.5 வி-கிராஸ் இருக்கிறது. 4ஜேகே1 என்ஜின், 2,499 சிசி, 134 எச்பி, 320 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). அந்த டார்க் 1,800 ஆர்பிஎம்மிலேயே முழுதாக வந்துவிடுவதுதான் மலையில் இதன் பலம். டைமிங் செயின், பெல்ட் மாற்றுகிற வேலை இல்லை. 1,40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஆயிலும் ஃபில்டரும் நேரத்துக்கு மாற்றியதைத் தவிர என்ஜினைத் தொட்டதில்லை.

1.9 இதைவிடச் சின்ன என்ஜின், ஆனால் 163 பிஎஸ் (ஏறத்தாழ எச்பி மாதிரிதான்) பவர், 360 நியூட்டன் மீட்டர். ரோட்டில் நன்றாகவே இழுக்கும். 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போ விழிக்கும்வரை கொஞ்சம் மந்தம், சேற்றில் அது தெரியும். ஹைலக்ஸ் 2.8 வேறு தரம்: 2,755 சிசி, 204 பிஎஸ், மேனுவலில் 420, ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர், பின் சக்கரம் இரண்டையும் சேர்த்தே சுற்றவைக்கும் டிஃபரென்ஷியல் லாக்கும் உண்டு. கையில் பணம் இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

ஒன்று மட்டும் கவனம். ஹை-லேண்டர் என்று வி-கிராஸ் போலவே ஒரு வண்டி வருகிறது. அதே 1.9 என்ஜின், ஆனால் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். விலையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

பம்ப் லேப்:
தம்பி, நான் 28 வருடமாக டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை பார்க்கிறேன். எந்த என்ஜின் என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. இன்ஜெக்டர் இரண்டு தடவை ஏன் போனது என்று யாராவது சொன்னார்களா? கழற்றின நாசிலைக் கையில் வாங்கிப் பார்த்தாயா? டீசல் எங்கே போடுகிறாய்?

காபிக்காடு:
பார்த்தேன் அண்ணே. முனையில் காப்பி நிறத்தில் துரு மாதிரி இருந்தது. டீசல் கலப்படம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் பங்கில்தான் வாங்குகிறேன். ஆனால் மேலே பங்க் இல்லாததால் 200 லிட்டர் பேரலில் கொண்டுவந்து வைத்துக்கொள்வோம். பம்ப்செட்டுக்கும் வண்டிக்கும் அதிலிருந்துதான்.

பம்ப் லேப்:
கலப்படம் இல்லை தம்பி, அது தண்ணீர். பாதி காலியான இரும்புப் பேரலில் மேல்பாதி முழுக்கக் காற்று. பகலில் சூடாகி ராத்திரி குளிரும்போது அந்த ஈரமெல்லாம் உள்சுவரில் வியர்த்து வடியும். உங்கள் மலையில் பனிமூட்டம் வேறு. தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் போய் உட்காரும். நீங்கள் ஹோஸை அடிவரை விட்டு உறிஞ்சினால் முதலில் வருவது அதுதான்.

பம்ப்செட் பழைய மெக்கானிக்கல் பம்ப், ஓரளவு தாங்கிவிடும். உன் வண்டி மாதிரி காமன் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய்) 1,600 பாருக்கு மேல் அழுத்தம். அந்த இன்ஜெக்டருக்குள்ளே மயிரிழையை விடக் குறைவான இடைவெளியில் ஊசி ஏறி இறங்குகிறது, அதற்கு மசகே டீசல்தான். நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் உலோகத்தோடு உலோகம் உரசும், துரு பிடிக்கும். ஹைலக்ஸ் வாங்கினாலும் இதே பேரலிலிருந்து ஊற்றினால் அதே கதைதான், இன்ஜெக்டர் விலைதான் கூடும்.

நாளைக்குக் காலையில், வண்டியை அசைக்காமல், டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அரை லிட்டர் பிடி. பத்து நிமிடம் அப்படியே வை. அடியில் தெளிவாகக் கோடு பிரிந்தால் நான் சொன்னது சரி.

கணக்கு வாத்தியார்:
பவரைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். வண்டி, சுமை, ஆட்கள் எல்லாம் சேர்த்து 2,900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் பாதை, அதாவது ஏறத்தாழ 14 டிகிரி. ஈர்ப்பு விசைக்கு எதிராக 6,900 நியூட்டன், மண்பாதையின் உருளல் தடைக்கு இன்னும் 1,000. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற இதற்குத் தேவைப்படுவது 22 கிலோவாட். ஆம், வெறும் 30 எச்பி. 75 எச்பி கேம்பருக்கே மீதம் இருக்கிறது.

அப்படியானால் கிளட்ச் ஏன் எரிந்தது? 10 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரண முதல் கியரில் என்ஜின் 1,000, 1,200 ஆர்பிஎம்மில் திணறும். அணைந்துவிடாமல் இருக்க நீங்கள் அரைக் கிளட்சில் பிடித்து ஏற்றுகிறீர்கள். அந்த 400 மீட்டரும் பிளேட் உரசிக்கொண்டே வருகிறது. ஃபோர் லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) உள்ள வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற கூடுதல் கியர்பெட்டி இன்னொரு 2.5 மடங்கு குறைத்துக் கொடுக்கும். அதே 10 கிலோமீட்டரில் என்ஜின் 2,500-ஐ ஒட்டி நிம்மதியாகச் சுற்றும், கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடலாம். இறக்கத்திலும் அதே கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் காயாது.

உங்கள் உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ அதைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். அதற்காகப் பெரிய என்ஜின் தேடவேண்டியதில்லை.

சிலந்தியாறு:
டிபிஎஃப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டியில், சைலன்சர் வழியில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கும், அதுதான் டிபிஎஃப். சேர்ந்த கரியை அவ்வப்போது 600 டிகிரி சூட்டில் தானே எரித்துக்கொள்ளும். அதற்கு வண்டி நிற்காமல் கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓடியாக வேண்டும்.

என்னுடையது புது வண்டிதான், பெயர் வேண்டாம். தோட்டத்துக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மாதம் மஞ்சள் விளக்கு எரிந்தது, பவர் குறைந்துபோனது. ஒருநாள் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டுக்கு மேலே நிற்கிறது! விரலில் தொட்டால் தண்ணியாக, டீசல் வாடை. கரியை எரிக்க என்ஜின் கூடுதலாக டீசல் பீய்ச்சும். பாதியில் வண்டியை அணைத்தால் அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் நீர்த்தால் பேரிங் தேயும், டர்போவும் போகும். ஆயில் குறைந்தால் எல்லோரும் பதறுகிறோம், கூடினால் யாரும் கவனிப்பதில்லை.

இப்போது வாரம் ஒருமுறை அடிவாரம் இறங்கி, சமவெளி ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறேன். டிபிஎஃப்-க்கு ஏற்ற, சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்றுகிறேன். அதற்குப் பின் தொந்தரவு இல்லை. உங்களுக்கு வாரம் இரண்டு நாள் வத்தலக்குண்டு ஓட்டம் இருப்பதால் சமாளித்துவிடலாம், ஆனால் தெரிந்து வாங்குங்கள்.

காபிக்காடு:
இதெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை, ரொம்ப நன்றி. இன்னொரு சந்தேகம். கேம்பர் எடுத்து ரீமேப் செய்து, அதாவது என்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றி, பவரைக் கூட்டிக்கொண்டால்?

பம்ப் லேப்:
வேண்டாம். புகைச் சூடு கூடும், டர்போவும் கிளட்சும் அதற்காகச் செய்ததில்லை. சுமை வண்டிக்கு ரீமேப் ஆயுளைக் குறைக்கும் வேலை.

ஏலக்காடு போடி:
நானும் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். நீங்கள் 600 கிலோ ஏற்றுவதை முதலில் சரியாகப் படிக்கவில்லை. வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டும் ஐந்து பேர் உட்காரும் சொகுசு பிக்கப். ஆர்சியில் அனுமதித்திருக்கும் சுமை நீங்கள் ஏற்றுவதைவிடக் குறைவு. கேம்பர் ஒரு டன் வகை. சோதனைச்சாவடியில் மட்டுமல்ல, விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் இது கேள்வியாக வரும். என் வண்டியில் நான் ஏற்றுவது ஆட்களையும் நாலு மூட்டை ஏலக்காயையும்தான், அதனால்தான் அது எனக்கு அத்தனை வருடம் சுகமாக ஓடியிருக்கிறது.

காபிக்காடு:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். ஃபில்டரிலிருந்து பிடித்த பாட்டிலில் அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதில் பழுப்பாகத் தூள். பேரலைக் கவிழ்த்தோம். கடைசியில் விழுந்தது டீசலே இல்லை, ஒன்றரை லிட்டர் கலங்கல். அப்பா அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, இதையா இத்தனை நாள் ஊற்றினோம் என்று வெகுநேரம் அங்கேயே நின்றார்.

நேற்றுப் பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பாவின் பழைய மஹிந்திரா ஜீப்பை வாங்கி, எட்டு மூட்டை உரம் ஏற்றி அந்த 400 மீட்டரில் விட்டுப் பார்த்தேன். டிஐ என்ஜின், டர்போ கிடையாது, 60 எச்பியைத் தொடாது. முன் சக்கரத்தையும் சேர்த்து, லோவில் முதல் கியர் போட்டு, கிளட்சை முழுதாக விட்டுவிட்டு, காலைத் தரையில் வைத்துக்கொண்டேன். சீராக நடந்து ஏறியது. மேலே போய் இறங்கி முகர்ந்து பார்த்தேன், கிளட்ச் வாடை துளியும் இல்லை.

அதனால் கடன் வேண்டாம் என்று முடிவு. பழைய வண்டி டேங்கைக் கழுவி, புது ஃபில்டர் போட்டாயிற்று, அது தார் ரோட்டுக்கு இருக்கட்டும். பேரலுக்குக் கட்டை போட்டுச் சாய்த்து, அடியிலிருந்து நாலு விரல் மேலே குழாய் வைக்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை திண்டுக்கல்லில் ஒரு செகண்ட் ஹேண்ட் கேம்பர் பார்க்கப் போகிறேன், ஃபோர் வீல் டிரைவ், லீவரில் லோ இருக்கிறதாம். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பம்ப் லேப்:
விடியற்காலையில் போ, என்ஜினைச் சூடாக்கி வைக்காதே என்று முன்கூட்டியே சொல்லிவிடு. குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜெக்டரோ கம்ப்ரெஷனோ பலவீனம். வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து அதன் மேலேயே கவிழ்த்து வை. லேசாக ஆடினால் பரவாயில்லை, தூக்கி எறிந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, வந்துவிடு. ஃபோர் லோ போட்டு மண்ணில் கொஞ்ச தூரம் ஓட்டு, தார் ரோட்டில் வளைக்காதே. அப்புறம் சேஸிஸுக்கு அடியில் படுத்து, பின் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போ தம்பி, அந்த வண்டி ஃபில்டரிலும் அரை லிட்டர் பிடித்துப் பார்.