அமெரிக்கா வந்த முதல் வருடத்திலேயே டிராவல் கார்டு: முயலலாமா, காத்திருக்கலாமா?

கொங்குத்தமிழன்:
எல்லோருக்கும் வணக்கம். எச்-1பி விசாவில் டெக்சாஸ் பிளேனோவுக்குக் குடும்பத்தோடு வந்து சில மாதங்கள் ஆகின்றன. ஊரில் வீட்டுக்கடன், கிரெடிட் கார்டு எல்லாம் ஒரு நாள் தவறாமல் கட்டியவன். சிபில் ஸ்கோர் 800-ஐ ஒட்டி இருக்கிறது. இங்கே ஒரு பெரிய வங்கியின் டிராவல் கார்டுக்கு (செலவுக்குச் சேரும் பாயிண்டில் விமான டிக்கெட் எடுக்கும் கிரெடிட் கார்டு) விண்ணப்பித்தேன், சம்பள விவரமும் கொடுத்தேன். உடனே மறுத்துவிட்டார்கள். பிறகு வந்த கடிதத்தில் "கடன் வரலாறு போதாது" என்று காரணம் எழுதியிருந்தது. வருடத்துக்கு ஒருமுறையாவது நாங்கள் நான்கு பேரும் கோவைக்குப் போய்வர வேண்டும். டிக்கெட் செலவைக் குறைக்கத்தான் இந்தக் கார்டு. இப்போதே வேறு வழியில் முயலலாமா, காத்திருப்பதுதான் சரியா?

வைகை:
காத்திருப்பதுதான் சரி தம்பி. உங்கள் சம்பளம் எவ்வளவு என்பது எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற கடன் அறிக்கை நிறுவனங்கள் மூன்றின் அறிக்கையிலும் இருக்காது. அங்கே இருப்பது நீங்கள் இந்த நாட்டில் வாங்கிய கடனும், அதைத் திருப்பிக் கட்டிய விதமும்தான். ஊர் சிபில் போல இங்குள்ள ஃபைக்கோ ஸ்கோர் உருவாகவே குறைந்தது ஒரு கணக்கு 6 மாதம் பழையதாக இருக்க வேண்டும். அது இல்லாதபோது வங்கியின் கணினிக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. 800 சிபில் அதன் கண்ணில் படவே படாது.

சேஸ் வங்கியில் சம்பளக் கணக்குத் தொடங்கி, ஃப்ரீடம் ரைஸ் கார்டுக்குப் போடுங்கள். கடன் வரலாறே இல்லாதவர்களுக்காக 2023-இல் வந்த கார்டு அது. கணக்கில் 250 டாலர் இருந்தால் வாய்ப்பு கூடும் என்று வங்கியே சொல்கிறது. அதுவும் கிடைக்காவிட்டால் டிஸ்கவர் செக்யூர்டு கார்டு. 200 டாலர் வைப்புத்தொகை போதும், 7-வது மாதத்திலிருந்து அந்தப் பணத்தைத் திருப்பித் தரலாமா என்று அவர்களே பார்ப்பார்கள். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு அதன்பின் சேஸின் டிராவல் கார்டான சபையர் ப்ரிஃபர்டு கேளுங்கள்.

பாலாற்றங்கரை:
வைகை அக்கா சொல்வது 22 வயதில் படிக்க வரும் மாணவருக்குச் சரியான வழி. இவர் அப்படியில்லை. ஊரில் வீட்டுக்கடனே கட்டியவரை 200 டாலர் கட்டிவிட்டு 200 டாலர் வரம்பு வாங்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) 2019 முதல் நோவா கிரெடிட் என்ற நிறுவனம் வழியாக வெளிநாட்டுக் கடன் அறிக்கையை ஏற்கிறது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் உண்டு. விண்ணப்பத்திலேயே வெளிநாட்டு வரலாற்றைப் பார்க்கச் சம்மதம் கொடுக்கலாம். ஊரில் அமெக்ஸ் கார்டு வைத்திருந்தால் இன்னும் சுலபம், குளோபல் டிரான்ஸ்ஃபர் என்றே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். இவற்றில் கிடைக்கும் கார்டு வைப்புத்தொகை கேட்காத முழுக் கார்டு. ஆண்டுக் கட்டணம் இல்லாத டெல்டா ப்ளூ, ஹில்டன் போன்ற அமெக்ஸ் கார்டுகளில் தொடங்கலாம். அதுவும் அமெரிக்க அறிக்கையில் பதிவாகும். ஆறு மாதத்தில் ஸ்கோரும் வந்துவிடும். ஒரு வருடத்தை ஏன் வீணாக்க வேண்டும்?

வைகை:
நோவா வழி இருப்பதை நான் மறுக்கவில்லை. அதன் விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன். அமெக்ஸில் ஒரு கார்டுக்கு வரவேற்பு போனஸ் (புதிதாகச் சேர்பவருக்குத் தரும் பாயிண்ட்) வாழ்நாளில் ஒருமுறைதான். அவசரத்தில் சின்ன போனஸோடு வாங்கிவிட்டால், பிறகு அதே கார்டுக்குப் பெரிய போனஸ் வரும்போது உங்களுக்குக் கிடைக்காது. இரண்டாவது, காஸ்ட்கோவில் அமெக்ஸ் செல்லாது. 2016-இலிருந்து அங்கே கிரெடிட் கார்டில் விசா மட்டும்தான். நம் குடும்பங்கள் மாதச் சாமானுக்கு எங்கே போகின்றன என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். சேஸின் 5/24 வழக்கம். கடந்த 24 மாதங்களில் எல்லா வங்கிகளிலும் சேர்த்து 5 கார்டு திறந்திருந்தால் சேஸ் தராது. வங்கி விளம்பரம் செய்யாத விதி இது, ஆனால் அடிபட்டவர்கள் ஏராளம். முதல் வருடத்தில் கார்டு கார்டாகச் சேர்ப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

பாலாற்றங்கரை:
ஐந்தில் ஒன்றுதானே அக்கா போகிறது! நீங்கள் சொன்ன ஃப்ரீடம் ரைஸும் அதே கணக்கில்தான் வரும். மற்ற இரண்டும் சரி. அமெக்ஸின் தங்க நிற கார்டின் மினுமினுப்பைப் பார்த்து 325 டாலர் கட்டணம் உள்ளதை முதல் கார்டாக எடுக்க வேண்டாம் என்பதை நானும் சொல்கிறேன்.

திண்ணைவாசி:
இரண்டு பேரும் எந்தக் கார்டு என்று பேசுகிறீர்கள். இவருக்கு இப்போது கார்டா முக்கியம்? புதிதாக வந்த குடும்பம். வீட்டு அட்வான்ஸ், கட்டில், மெத்தை, பிள்ளைகள் பள்ளிச் செலவு. பிளேனோவில் கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது. ஆக, அடுத்து வாங்கப்போவது கார் கடன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25,000 டாலர் கார் கடனை 5 வருடத்துக்கு 7 சதவீதத்தில் வாங்குவதற்கும் 9 சதவீதத்தில் வாங்குவதற்கும் வித்தியாசம் சுமார் 1,400 டாலர். ஒரு டிராவல் கார்டின் 60,000 பாயிண்ட் போனஸைப் பணமாக மாற்றினால் 600 டாலர். எதைக் காப்பாற்ற வேண்டும்? அந்த போனஸுக்காக 3 மாதத்தில் 4,000, 5,000 டாலர் செலவு காட்ட வேண்டும். அந்தத் தொகையை எட்டத் தேவையில்லாத டிவியை வாங்கிய வீடுகளை எனக்குத் தெரியும். 5,000 டாலரைக் கட்ட முடியாமல் 22 சதவீத வட்டியில் ஒரு வருடம் நின்றால் 1,100 டாலர் போகும். பாயிண்ட் எல்லாம் அதில் கரைந்துவிடும்.

முதல் வருடம் கார்டு ஒன்று போதும், எந்தக் கார்டானாலும் சரி. டிக்கெட்டை விலை குறையும்போது காசு கொடுத்து வாங்குங்கள்.

பாலாற்றங்கரை:
வட்டி விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஸ்டேட்மென்ட் தொகையை முழுதாகக் கட்ட முடியாதவர் எந்த ரிவார்டு கார்டும் தொடக்கூடாது. ஆனால் கார் கடனை வைத்துச் சொன்னது தலைகீழாக இருக்கிறது. அறிக்கையே காலியாக இருக்கும் ஆளுக்குக் கார் கடைக்காரர் நல்ல வட்டி தரமாட்டார். கார் வாங்குவதற்கு ஆறேழு மாதம் முன்பே ஒரு கார்டு ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்த 9 சதவீதம் 7 ஆகும். ஒரு ஹார்ட் இன்கொயரி (கடன் கேட்கும்போது வங்கி நம் அறிக்கையைப் பார்த்ததற்கான பதிவு) அறிக்கையில் 2 வருடம் இருந்தாலும், ஃபைக்கோ 12 மாதம்தான் கணக்கில் எடுக்கும். அதனால் குறையும் புள்ளிகளும் கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்தையும் தவிர்க்கலாம். டிஸ்கவர், கேப்பிடல் ஒன் தளங்களில் ஸ்கோரைத் தொடாமல் முன்கூட்டியே தகுதி பார்க்க முடியும். அமெக்ஸ் இன்னும் ஒரு படி மேல். கார்டு உண்டா இல்லையா என்று முதலில் சொல்கிறது, நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஹார்ட் இன்கொயரி விழும். கேப்பிடல் ஒன் மட்டும் விண்ணப்பம் போட்டால் மூன்று நிறுவனங்களிலிருந்தும் அறிக்கையை இழுக்கும், அதனால் அதைக் கடைசியில் வையுங்கள்.

நெல்லைச்சீமை:
நானும் ஒன்று சொல்லவேண்டும். இவ்வளவு நேரம் பேசியதில் வீட்டில் இருக்கும் இன்னொருவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எச்-4 விசாவில் வரும் மனைவிக்கும் இங்கே கடன் வரலாறு வேண்டும். "உங்களுக்கு வருமானம் இல்லையே" என்ற ஒரு வார்த்தையில் பல பெண்கள் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். 2013-இல் சிஎஃப்பிபி என்ற அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு விதியை மாற்றியது. 21 வயது ஆனவர், தனக்கு நியாயமாகக் கைக்கு எட்டும் கணவன் அல்லது மனைவியின் வருமானத்தையும் விண்ணப்பத்தில் காட்டலாம். இது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள் வருமான வரிக் கணக்கோடு சேர்த்து ஐடின் என்ற வரி அடையாள எண் வாங்கலாம். கேப்பிடல் ஒன் அதை ஏற்கிறது. அதுவரை கணவரின் கார்டில் ஆத்தரைஸ்டு யூசராக, அதாவது அதே கணக்கில் கூடுதல் கார்டு வைத்திருப்பவராகச் சேர்ந்தால் வரலாறு தொடங்க வாய்ப்பு உண்டு. அதோடு நிறுத்திவிடக் கூடாது, ஏனென்றால் கணவர் கட்டத் தவறினால் அந்தக் கறை நம் அறிக்கையிலும் வரலாம். சொந்தப் பெயரில் ஒரு கார்டு, சின்னதாக இருந்தாலும், வேண்டும்.

வைகை:
நெல்லைச்சீமை எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: ஆத்தரைஸ்டு யூசர் கணக்கும் 5/24-இல் எண்ணப்படும்.

கொங்குத்தமிழன்:
எல்லோருக்கும் நன்றி. ஊரில் அமெக்ஸ் இல்லை, எனவே நோவா வழிதான். திண்ணைவாசி அண்ணா, கார் வாங்க இன்னும் சில மாதம் ஆகும். இன்னொரு கேள்வி. பாயிண்டை வைத்து உண்மையிலேயே நான்கு பேர் ஊருக்குப் போக முடிகிறதா?

திண்ணைவாசி:
இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் தம்பி! பிள்ளைகளுக்கு லீவு ஜூனிலும் டிசம்பரிலும். எல்லாத் தமிழ்க் குடும்பமும் கிளம்புவது அப்போதுதான். அந்த வாரங்களில் ஒரே விமானத்தில் நான்கு பாயிண்ட் சீட் கிடைப்பது அபூர்வம். ஒரு கார்டின் முதல் போனஸ் நான்கு பேரின் இருவழி டிக்கெட்டுக்கு அருகில்கூட வராது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அதற்குள் விமான நிறுவனம் பாயிண்ட் விலையை ஏற்றிவிட்டால் என்ன செய்வீர்கள்?

வைகை:
நான்கு பேருக்கும் ஒரேயடியாகக் கிடைக்காது, உண்மைதான். அதற்காகப் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். சேஸ், அமெக்ஸ் பாயிண்டுகள் இரண்டையுமே ஏர் கனடாவின் பாயிண்ட் திட்டமான ஏரோபிளானுக்கு மாற்றலாம். அதை வைத்து லுஃப்தான்சாவில் டல்லாஸ், ஃப்ராங்க்ஃபர்ட், சென்னை என்று பார்க்கலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் இரண்டும் பயன்படுத்தும் ஏவியாஸ் பாயிண்டுக்கு மாற்றினால் கத்தார் வழி தோஹா, சென்னை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில் போட்டால் மட்டும் கூடுதல் கட்டணத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள், சில நேரம் டிக்கெட் காசில் பெரிய பங்கு அதிலேயே போய்விடும். இரண்டு டிக்கெட் பாயிண்டில், இரண்டு காசில் என்று எடுப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

அதைவிட, ஊரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தால் அடுத்த நாள் டிக்கெட்டின் காசு விலை எங்கோ நிற்கும். பாயிண்டில் ஒரு சீட் அகப்பட்டால் அந்த நேரத்தில் அது பெரிய துணை. நான் பாயிண்ட் சேர்ப்பது முக்கியமாக அதற்குத்தான்.

திண்ணைவாசி:
அந்தக் கடைசிக் காரணத்தை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் சீட் தேடி உட்கார நேரமில்லாதவர்களுக்கு, ஓரளவு ஸ்கோர் வந்த பிறகு பேங்க் ஆஃப் அமெரிக்காவின் டிராவல் ரிவார்ட்ஸ் போதும் என்பேன். ஆண்டுக் கட்டணம் இல்லை, ஒரு டாலருக்கு 1.5 பாயிண்ட், எந்த விமான டிக்கெட்டானாலும் வாங்கிவிட்டுக் கழித்துக்கொள்ளலாம். ஊரில் தேய்த்தாலும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் கிடையாது. ஃப்ரீடம் ரைஸை ஊருக்குக் கொண்டுபோனால் 3 சதவீதம் பிடிப்பார்கள்.

நெல்லைச்சீமை:
கொங்குத்தமிழன் அண்ணா, விண்ணப்பம் போடும் முன் உங்கள் பெயரைப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறது? நம் ஊர் இனிஷியல் இங்கே படாத பாடு படுத்துகிறது. வங்கியில் அப்பா பெயர் முன்னால், வாடகை ஒப்பந்தத்தில் பின்னால் என்று இருந்தால் ஒரே ஆளுக்குக் கடன் அறிக்கை நிறுவனத்தில் இரண்டு கோப்புகூட உண்டாகிவிடும். நோவா வழியில் ஊர் அறிக்கையோடும் பெயர் பொருந்த வேண்டும்.

கொங்குத்தமிழன்:
பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் மட்டும்தான் பெயர். விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டுவிட்டார்கள். வங்கிக் கணக்கில் அப்பா பெயரையும் சேர்த்திருக்கிறேன்.

நெல்லைச்சீமை:
அப்படியானால் அந்த மறுப்புக்கே இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மறுப்புக் கடிதத்தில் எந்த நிறுவனத்தின் அறிக்கையைப் பார்த்தார்கள் என்று இருக்கும். 60 நாளுக்குள் அவர்களிடம் இலவசமாக அறிக்கை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது, கோப்பே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வங்கியிலும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்து வாங்கும் எண்ணம் இருந்தால் கார்டுக்கு முன்பே செய்துவிடுங்கள். நாலைந்து கணக்கு திறந்த பிறகு ஒவ்வொன்றிலும் மாற்ற அலைவது பெரிய வேலை.

பாலாற்றங்கரை:
இதைச் செய்து முடித்த பிறகே அமெக்ஸ் பக்கம் போங்கள். ஊரின் வருமான வரி பான் (PAN) எண்ணும் ஊர் விலாசமும் கையில் இருக்கட்டும்.

வைகை:
அமெக்ஸ் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. சேஸ் கணக்கையும் இந்த வாரமே திறந்துவிடுங்கள். காஸ்ட்கோவுக்கு டெபிட் கார்டாவது ஆகும்.