மாணவர் மன்ற கோடை முகாம்: தண்டையார்பேட்டை பக்கம் யாராவது வழிகாட்ட முடியுமா?

அண்ணன்களே, அக்காக்களே, வணக்கம். என் மகள் பிளஸ் ஒன். மாணவர் மன்றம், குடிமைத் தலைமை பற்றிய கோடை முகாமுக்குத் தேர்வாகியிருக்கிறாள். மே மாதம் நடக்கிறது. அங்கே மாநகராட்சி கவுன்சிலர்கள் கூடிப் பேசுவது போல மாதிரி மாமன்றக் கூட்டம் உண்டு. ஒவ்வொருவரும் தங்கள் வார்டு பிரச்சினையை மூன்று நிமிடம் பேச வேண்டும்.

அவள் எடுத்திருப்பது கன்டெய்னர் லாரி. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரைலர்கள் வரிசைகட்டி நிற்கும்போது, இரண்டு வண்டிக்கு நடுவே சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள். டிரைவருக்கு அந்த உயரத்திலிருந்து பிள்ளையின் தலைகூடத் தெரியாது. இதை அவள் நன்றாகவே சொல்கிறாள். ஆனால் யாரிடம் கேட்பது என்பதில் திணறுகிறாள். துறைமுகம் ஒன்றிய அரசிடம், போக்குவரத்துக் காவல் மாநில அரசிடம், தெருவிளக்கு மாநகராட்சியிடம். 200 வார்டு கொண்ட சென்னை மாமன்றத்தில் ஒரு கவுன்சிலர் இதை எப்படி எழுப்புவார்? கேள்வியாகவா, தீர்மானமாகவா? நகர உள்ளாட்சிகளுக்கான 74வது அரசியல் சட்டத் திருத்தம் அவளுக்கு மனப்பாடம், நடைமுறைதான் தெரியவில்லை.

ரிப்பன் மாளிகையில் மாமன்றக் கூட்டம் பார்த்தவர்கள், வார்டு கமிட்டியில் இருப்பவர்கள், இப்படி முகாமுக்குப் போய்வந்த பிள்ளைகள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பேச்சைக் கேட்டுத் திருத்த முடியுமா? பாராட்டு வேண்டாம், குறுக்குக் கேள்வி கேளுங்கள். வீட்டில் நாங்கள் கேட்டால் கோபித்துக்கொள்கிறாள். மாநகராட்சி பட்ஜெட் புத்தகம் தமிழில் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள், ஜெராக்ஸ் எடுத்துத் திருப்பித் தந்துவிடுகிறேன். கமென்ட்டில் போட்டால் போதும், நானே வந்து பார்க்கிறேன்.