நேர்வரிசையில் நின்ற சாதாரணச் சிப்பாய்

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்):
ஒல்லாந்தர் கட்டிய வுல்ஃபெண்டால் தேவாலயத்தைக் கடக்கும்போதெல்லாம், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சம்பளத்துக்காகக் கொழும்புக்கு வந்த ஐரோப்பியச் சிப்பாய்கள் என் நினைவுக்கு வருகிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியப் போர்க்களங்களில் காலாட்படையினர் மறைவிடம் தேடாமல், குண்டுகளுக்கு எதிரே தோளோடு தோள் சேர்த்து நின்றது ஏன்?

மறுமொழி (வெள்ளவத்தை):
அது மூடத்தனமன்று, கையிலிருந்த ஆயுதமே அவர்களை அவ்வாறு நிற்கவைத்தது. மஸ்கெட் துப்பாக்கிக் குழலின் உட்புறம் வழுவழுப்பானது என்பதால், 100 மீட்டருக்கு அப்பால் ஒரு தனி மனிதனைக் குறிபார்த்து வீழ்த்துவது அரிது. பலர் ஒன்றாகச் சுட்டால்தான் பயன் கிடைக்கும். வெடிமருந்தும் குண்டும் பொதிந்த தோட்டாத் தாளைப் பல்லால் கிழித்து, சிறிது மருந்தைத் துப்பாக்கியின் தீப்பற்றும் சிறு கிண்ணத்தில் இட்டு, மீதியைக் குண்டுடன் குழலில் இறக்கி, கோலால் இடித்து, நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுட வேண்டும். மருந்தின் உப்பு நாவை வறளச் செய்யும். புகையோ எதிரியை முற்றாக மறைத்துவிடும். அந்த நேரத்தில் சிப்பாயை நிலைக்கச் செய்தது பக்கத்தில் நின்ற தோழனின் தோள்தான் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

மறுமொழி (தெஹிவளை):
தண்டனை அச்சத்தையும் மறக்கலாகாது. ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் படையில் குற்றவாளியை இரு வரிசைகளுக்கிடையே நடக்கவிட்டு, அவனுடைய தோழர்களையே பிரம்பால் அடிக்கவைத்தார்கள். போதாக்குறைக்கு, போரைவிட வயிற்றுளைவும் டைபஸ் காய்ச்சலுமே அதிகம் பேரைக் கொன்றன.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. 1781இல் ஒல்லாந்தக் கம்பனிக்காகத் திரட்டப்பட்ட சுவிஸ் மெரோன் படைப்பிரிவு 1795இல் ஆங்கிலேயரின் சேவைக்கு மாறியது. அதைப் பேசி முடித்தவர் படையின் உரிமையாளர்தான், வரிசையில் நின்ற சிப்பாய்கள் அல்லர்.