சாமுராய் நெறியை நிரல்கவிதையில் கொண்டுவருவது எப்படி?

கேள்வி
பைத்தான் 3-ல் ஒரு நிரல்கவிதை (ஓடக்கூடிய நிரலாகவே எழுதும் கவிதை) எழுதுகிறேன். சாமுராயின் விசுவாசம், தலைவனை இழந்து ரோனின் ஆவது, முடிவில் செப்புக்கு (வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் சடங்குத் தற்கொலை). மாறிகளுக்கு வாள், மானம், கடமை என்று பெயர். பிழையில்லாமல் ஓடுகிறது, ஆனால் பெயர்களை எடுத்துவிட்டால் கவிதையே இல்லை. கடைசி வரிகள் ஜப்பானிய மரணக் கவிதைபோல 5-7-5-7-7 ஆக வரவேண்டும், லென்() தரும் கணக்கும் உதைக்கிறது. எங்கே திருத்தலாம்?

பதில் 1
நிரல் ஓடும்போது என்ன நடக்கிறதோ அதில்தான் நெறி தெரியவேண்டும். ரோனினைப் பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள் (கீவேர்டுகளும் தமிழெழுத்தில்):

தலைவர் = பிரபு()
வீரர் = சாமுராய்(தலைவர்)
டெல் தலைவர்

இங்கே தலைவர் சாகவே இல்லை. டெல் அழிப்பது பெயரை மட்டும்தான். வீரருக்குள் செல்ஃப்.தலைவர் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அந்த ஆப்ஜெக்ட் நினைவகத்தில் இருக்கும். உண்மையான ரோனின் வேண்டுமென்றால் உள்ளே வீக்ரெஃப்.ரெஃப்(தலைவர்) வையுங்கள் (ஆப்ஜெக்டைப் பிடித்துவைக்காத சுட்டு அது), டெல்லுக்குப் பின் செல்ஃப்.தலைவர்() என்று அழைத்தால் 'நன்' (ஒன்றுமில்லை என்னும் மதிப்பு) கிடைக்கும். வழக்கமான பைத்தானாகிய சீபைத்தானில் உடனே. பைபை என்னும் மாற்று வடிவத்தில் தாமதமாகலாம், நினைவகத்தைத் துப்புரவாக்கும் ஜிசி.கலெக்ட்() சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வடிவத்தைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். 1701-ல் அசானோ பிரபு இறந்தபிறகும் அவரையே தலைவராகக் கொண்டு 1703-ல் பழிதீர்த்த அவருடைய வீரர்களான அகோ ரோனின்களுக்கு அதுவே பொருத்தம்.

பதில் 2
செப்புக்குவுக்கு, நிரலை அப்படியே அறுத்து நிறுத்தும் ஓஎஸ்._எக்ஸிட்() வேண்டவே வேண்டாம். அது ஃபைனலியை (எப்படி முடிந்தாலும் கடைசியில் ஓடவேண்டிய பகுதி) தாண்டிப் போய்விடும், பஃபரில் எழுதக் காத்திருக்கும் வெளியீட்டையும் எழுதாது. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பியிருந்தால் மரணக் கவிதையே காணாமல் போகும். செப்புக்கு முறைப்படி நடக்கும் சடங்கு, திடீர் மறைவு அல்ல. சிஸ்.எக்ஸிட்() ஒரு எக்செப்ஷனாகக் கிளம்புவதால் ஃபைனலியில் வைத்த கவிதை முதலில் அச்சாகும், பிறகுதான் முடிவு.

இரண்டு இடத்தில் கெடும். மேலே எங்காவது வெறும் 'எக்செப்ட்:' இருந்தால் அந்த முடிவையே பிடித்து நிறுத்திவிடும். 'எக்செப்ட் எக்செப்ஷன்:' என்று எழுதினால் தொடாது. ஃபைனலிக்குள் ரிட்டர்ன் வைத்தாலும் இதே கதி, வீரர் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நடப்பார்.

மானத்தை, நிபந்தனையைச் சோதிக்கும் அசர்ட்டில் வைக்காதீர்கள். -ஓ கொடியுடன் ஓட்டினால் அந்த வரியே நீக்கப்படும். இஃப், ரெய்ஸ் போட்டு எழுதுங்கள்.

பதில் 3
எந்தக் காலத்துச் சாமுராய் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பலரும் எடுத்தாளும் சாமுராய் நெறியின் ஏழு பண்புப் பட்டியல் நிடோபே இனாசோ 1900-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவியது. செங்கோக்கு போர்க்காலத்தில் (15-16-ஆம் நூற்றாண்டுகள்) தலைவரை மாற்றிக்கொண்ட வீரர்கள் ஏராளம். அந்தக் காலம் என்றால் செல்ஃப்.தலைவருக்கு மறுமதிப்பு கொடுப்பதும் சரியே.

அதற்குப் பின்வந்த எடோ கால (1603-1868) விசுவாசத்தை வெறும் கீழ்ப்படிதலாகவும் எழுதிவிடாதீர்கள். தவறான கட்டளைக்கு இடித்துரைப்பதும் அதில் கடமை. கட்டளை தவறென்றால் செயற்கூறு வேல்யூஎரரை ரெய்ஸ் செய்து அழைத்தவரிடமே திருப்பி அனுப்பட்டும். 'பாஸ்' போட்டு விழுங்குவது நெறிக்கு நேர்மாறு.

பதில் 4
லென்() யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறது. 'சாமுராய்' எழுத்தில் 4, லென்னில் 8. ஓப்பன்-தமிழ் நூலகத்தின் கெட்_லெட்டர்ஸ் கொண்டு எழுத்தாகப் பிரியுங்கள். ஜப்பானிய அளவு நம் மாத்திரையிலிருந்து சற்று விலகும்: அங்கே சொல்லின் இறுதி 'ன்'னுக்கும், இரட்டித்த மெய்யின் முதல் பாதிக்கும் முழு ஒன்று. எனவே குறில் 1, நெடில் 2, மெய் அரைக்குப் பதில் 1 என்று வைத்தால் 'நிப்பொன்' 4 வரும், அவர்கள் கணக்கும் அதுதான். 'ஐ'க்கு 2 கொடுங்கள். ஒவ்வொரு வரியையும் அச்சிடுவதற்கு முன்பே இந்த அளவில் சோதித்துவிடுங்கள். ஃபைனலிக்குள் சோதனை தவறி எரர் கிளம்பினால் சிஸ்.எக்ஸிட்டின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.