‘கேஷ்’ நம்ம காசுதானா?

கேள்வி: ஆங்கில ‘கேஷ்’ தமிழ்க் ‘காசு’வில் பிறந்தது என்கிறார்களே, சரியா?

பதில் 1: பாதி சரி. எழுத்து ஒன்று, சொல் இரண்டு. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், லத்தீன் ‘காப்ஸா’ வழி வந்தது, பொருள் பெட்டி. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பணப்பெட்டி என்ற பொருளில் ஆங்கிலத்துக்குள் நுழைந்து, பிறகு உள்ளே கிடக்கும் பணத்துக்கே பெயராயிற்று.

பதில் 2: காசு வழி வந்தது இன்னொரு கேஷ், அது நாணயப் பெயர். போர்த்துகீசியர் காசு என்ற சொல்லை ‘காய்ஷா’ ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதுதான் பெயர், குழப்பமே அங்கேதான்! சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கு: 80 காசு ஒரு ‘பணம்’ (அதுவும் ஒரு நாணயம்), 42 பணம் ஒரு வராகன் (பொன் நாணயம்). 1803 செம்பு நாணயத்தில் ‘கேஷ்’ என்றே பொறித்திருக்கும். ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்.

பதில் 3: பதவியிலிருந்து நீக்குவதைச் சொல்லும் ‘கேஷியர்’ இரண்டிலும் சேராது. அது டச்சு வழி வந்த வேறு சொல்.