‘ஃபிக்ஸ்-அப்’ நாவலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்: ‘தொடையல் நாவல்’

குழுமத்தாருக்கு வணக்கம்.

‘ஃபிக்ஸ்-அப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டேன். அந்த ஒற்றைச் சொல்லுக்கு இத்தனை பதில் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். அந்தச் சொல் எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்பதை அப்போது எழுதவில்லை. அதனால் சிலர் ஒரு பக்கமும் சிலர் மறுபக்கமும் இழுத்திருக்கிறீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வாசிகசாலையில் உயர்தரம் படிக்கிற பிள்ளைகளோடு மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு விடயம் கதைப்பேன். போன முறை அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ்களைப் பற்றிச் சொன்னேன். 1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் தொடங்கிய அமேசிங் ஸ்டோரீஸ், 1930 ஜனவரியில் வந்த அஸ்டவுண்டிங், 1937 இன் கடைசியில் அதற்கு ஆசிரியராக வந்து 1971 இல் இறக்கும்வரை அந்த இடத்திலேயே இருந்த ஜோன் கேம்பல் என்று கதை போனது. பிறகு ரே பிராட்பரியின் ‘த மார்சியன் குரோனிக்கிள்ஸ்’ நூலைக் கையில் கொடுத்தேன். ஒரு பிள்ளை புரட்டிப் பார்த்துவிட்டு, “சேர், இது சிறுகதைத் தொகுப்பா, நாவலா?” என்று கேட்டாள். “இரண்டும் இல்லை, இதற்கு ஃபிக்ஸ்-அப் என்று பெயர்” என்றேன். “அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?” என்றாள். என்னிடம் சொல் இல்லை. நல்ல கேள்வி கேட்ட பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பியது இன்னும் மனதில் கிடக்கிறது.

சரி, பொருள் என்ன? வெவ்வேறு இதழ்களில் தனித்தனிச் சிறுகதைகளாக வந்து, வாசகர்கள் படித்து முடித்தவற்றை ஆசிரியரே பின்னாளில் எடுத்து, புதிதாக எழுதிய பகுதிகளால் இணைத்து, வேண்டிய இடத்தில் திருத்தி ஒரே நாவலாக ஆக்குவது. கனடாவில் பிறந்த ஏ. ஈ. வான் வோக்ட் புழங்கிய சொல் இது. 1979 இல் பீட்டர் நிக்கல்ஸ் பதிப்பித்த அறிவியல் புனைகதைக் கலைக்களஞ்சியம் இதை விமர்சனச் சொல்லாக நிலைநிறுத்தியது. வான் வோக்டின் ‘த வோயேஜ் ஒஃப் த ஸ்பேஸ் பீகிள்’ 1950 இல் நூலாக வந்தது. அதற்குள் இருக்கும் முதல் கதை 1939 யூலை அஸ்டவுண்டிங்கில் வந்தது. நடுவில் பதினொரு வருடம்.

இந்தக் காலத்தை மறந்துவிட்டுச் சொல் தேடக்கூடாது. இரண்டாம் உலகப்போர் முடியும்வரை அமெரிக்காவில் அறிவியல் புனைகதை பெரும்பாலும் இதழ்களிலேயே வாழ்ந்தது. சொல்லுக்கு இத்தனை சதம் என்று கூலி. அடுத்த மாத இதழ் வந்ததும் பழையது கடையை விட்டுப் போய்விடும். போருக்குப் பிறகுதான் இந்த வகைக்கு நூல் சந்தை திறந்தது. நோம் பிரஸ் போன்ற, வாசகர்களே தொடங்கிய சிறு பதிப்பகங்கள் முதலில் வந்தன. டபிள்டே போன்ற பெரியவை பின்னால் வந்தன. எழுத்தாளர்களிடம் பத்து வருடக் கதைகள் இருந்தன. பதிப்பகங்களோ நாவல் கேட்டன. 1949 இல் நியூயோர்க் போன பிராட்பரியிடம் டபிள்டே பதிப்பாசிரியர், உன் செவ்வாய்க் கிரகக் கதைகளை ஒன்றாக்கினால் என்ன என்று கேட்டார். அந்தப் பதிப்பாசிரியரின் குடும்பப் பெயரும் பிராட்பரிதான், உறவு ஒன்றுமில்லை. தங்கியிருந்த விடுதியில் அன்றிரவே எழுத்தாளர் பிராட்பரி திட்டத்தை எழுதினார். அடுத்த வருடம் நூல் வந்துவிட்டது.

1950 நம் வாசகர்களுக்கும் முக்கியமான ஆண்டு. அந்த ஒக்டோபரில்தான் கல்கி இதழில் பொன்னியின் செல்வன் தொடங்கியது. நமக்குப் பழக்கமான பாதை அது: ஒரே நாவல், வாரம் வாரம் துண்டு துண்டாக வருவது. அதற்குத் ‘தொடர்கதை’ என்ற அருமையான சொல் இருக்கிறது. நாம் தேடுவது அதற்கு நேர் எதிர்த் திசையில் போகும் பொருளுக்கு. தனித்தனியாகப் பிறந்தவை பிறகு ஒன்றானவை. ஆகவே ‘தொடர் நாவல்’ என்ற முன்மொழிவை நான் ஏற்கவில்லை. அது வாசகரைத் திரும்பவும் தொடர்கதைக்கே கொண்டுபோகும்.

கொழும்பு நண்பர் ஆர்தர் சி. கிளார்க்கின் ‘சைல்ட்ஹூட்ஸ் எண்ட்’ நாவலை உதாரணமாகக் காட்டியிருந்தார். 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்தவர் என்பதால் கிளார்க் நமக்கு உரித்தானவர்தான். ஆனால் அந்த நாவல் இதற்குள் வராது. 1950 இல் இதழில் வந்த ஒரே ஒரு கதையை வளர்த்து 1953 இல் நாவலாக்கினார். ஒரு விதையில் இருந்து வந்த ஒரு மரம். அதற்கு ‘விரிவாக்கம்’ போதும்.

என்னைக் கேட்டால், இந்த வகையின் உச்சம் கிளிஃபோர்ட் சிமாக்கின் ‘சிட்டி’. பெரும்பாலான கதைகள் 1944 முதல் அஸ்டவுண்டிங்கில் வந்தவை. 1952 இல் எட்டுக் கதைகளை நூலாக்கியபோது ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குறிப்பைப் புதிதாக எழுதினார். அந்தக் குறிப்புகளை எழுதுபவை நாய்கள். மனிதர்கள் எல்லாம் போய்விட்டார்கள். நாய்கள் அறிஞர்களாகி, இந்தக் கதைகளைப் பழங்கதைகளாக வைத்து ஆராய்கின்றன. மனிதன் என்று ஒரு பிராணி உண்மையிலேயே இருந்ததா என்று சண்டை பிடிக்கின்றன. டைஜ் என்ற நாய், மனிதன் இருந்தான் என்கிறது. மற்றவை அது வெறும் கட்டுக்கதை என்கின்றன. 1944 இல் இதழில் படித்தவருக்கு இந்த நாய்கள் கிடையாது. அவர் படித்தது ஒரு நகரத்தின் கதை. நூலில் படிப்பவருக்கு அதே கதை, அதே வரிகள், ஆனால் இறந்துபோன ஓர் இனத்தின் கடைசி நினைவு. இடையில் எழுதிய சில பக்கங்கள் பழைய கதைகளின் பொருளையே மாற்றிவிடுகின்றன. எங்கள் சொல் இந்த இடைப்பகுதியைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ‘தொகுப்பு’ என்றே சொல்லிவிட்டுப் போகலாம்.

இனி நீங்கள் தந்த சொற்கள்.

‘கோவை நாவல்’ எனக்கு மிகவும் பிடித்தது. கோவை இலக்கியத்தில் ஒவ்வொரு செய்யுளும் தனியே நிற்கும், துறைகளின் வரிசையில் காதல் கதை நகரும். ஆனால் இலங்கையில் கோவை என்றால் அலுவலகக் கோப்பு. கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகத்துக்கு, போன எவருக்கும் அலுமாரியும் தூசியும்தான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டில் அது ஓர் ஊரின் பெயர். அதோடு, கோவைச் செய்யுள்கள் அந்த நூலுக்கென்றே பாடப்பட்டவை. முன்பு தனியே வெளியானவை அல்ல.

‘ஒட்டு நாவல்’ என்றவர் ஒட்டு மாங்கன்றை நினைத்திருக்கிறார். நல்ல உவமைதான். ஆனால் ஒட்டுவேலை என்றால் குறையை மறைக்கிற வேலை என்று ஆகிவிட்டது. ஆங்கிலச் சொல்லிலும் பழுதுபார்த்தல் வாடை உண்டு, அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்? ‘இணைப்பு நாவல்’ எதற்கும் பொருந்தும், ஆகவே இதற்குப் பொருந்தாது. ‘புதினம்’ என்று முடிகிற சொற்கள் எங்களுக்குச் சரிவராது. யாழ்ப்பாணத்தில் ‘என்ன புதினம்?’ என்றால் என்ன செய்தி என்று கேட்பது. நாவல் என்பது நூறாண்டுக்கு மேலாக நம் நாவில் இருக்கிற சொல், அது இருக்கட்டும்.

‘கதம்ப நாவல்’ கிட்ட வந்த சொல். பல பூக்களைச் சேர்த்துக் கட்டிய மாலை. ஆனால் இப்போது கதம்பம் என்றால் கலவை என்றே காதில் விழுகிறது, வரிசை போய்விட்டது.

அந்தச் சொல்தான் என்னைப் பூவின் பக்கம் திருப்பியது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அம்மா விடிய எழும்பிப் பூ ஆய்வார். எங்கள் வேலியில் செவ்வரத்தை, பக்கத்து வீட்டில் நந்தியாவட்டை, ஒழுங்கை முடிவில் ஒரு மல்லிகைக் கொடி. தண்ணீரில் ஊறப்போட்ட வாழைநாரை நகத்தால் மெல்லியதாகக் கிழித்து, இரண்டு பூவை எதிரும் புதிருமாக வைத்து, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ என்பதை ஒரு கணம் நின்று பார்த்துத்தான் வைப்பார். பூக்கள் ஏற்கனவே வேறு வேறு வேலிகளில் பூத்தவை. நார் மட்டுமே புதிது. மாலை ஆன பிறகு அது பூக்கூடை இல்லை.

இதற்கு வினை ‘தொடுத்தல்’. முதலில் ‘தொடுப்பு நாவல்’ என்று எழுதினேன். அங்கே தொடுப்பு என்றால் மணவாழ்க்கைக்கு வெளியே உள்ள உறவு என்று மதுரை நண்பர் தனிமடலில் சொன்னார். அவருக்கு நன்றி. அதை விட்டேன். ‘தொடை’ யாப்பிலக்கணத்துக்குச் சொந்தம். அப்புறம் அகராதியைப் புரட்டியபோது ‘தொடையல்’ கிடைத்தது. தொடுத்தல் என்றும் மாலை என்றும் பொருள். பழைய பாட்டுகளில் வருகிற சொல், இன்று வேறு வேலை எதுவும் பார்க்காமல் சும்மா இருக்கிறது. தொடர், தொடுப்பு, தொடை என்ற குடும்பத்துக்குள் இருப்பதால் முதன்முறை கேட்பவருக்கும் பாதி புரியும்.

என் முன்மொழிவு: தொடையல் நாவல். புதிதாக எழுதிய இடைப்பகுதிக்கு நார்ப்பகுதி. ‘சிட்டியில் நாய்களின் குறிப்புகளே நார்ப்பகுதி’ என்று எழுதிப் பார்த்தேன், நன்றாகவே நிற்கிறது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று நாம் சொல்வதுண்டு. சிமாக்கில் நார் பூவுக்கே மணம் கொடுக்கிறது. மூன்று இதழ்க் கதைகளில் இருந்து 1959 இல் வந்த வோல்டர் மில்லரின் ‘எ கான்டிகிள் ஃபோர் லைபோவிட்ஸ்’ தொடையல் நாவல்தான், ஆனால் அவர் எல்லாவற்றையும் ஆழத் திருத்தியதால் நார் வெளியே தெரியாது. அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ (1951) தொடையல் நாவல். அதன் முதல் பகுதியை நூலுக்கென்றே எழுதினார். அவருடைய ‘ஐ, ரோபோட்’ (1950) எனக்கு இன்னும் தொகுப்பாகத்தான் படுகிறது. கதைகளை ஒரு பேட்டிக்குள் வைத்துச் சொல்லும் சட்டகம் அவற்றைப் பிடித்து வைக்கிறது, முன்னே நகர்த்தவில்லை. இதில் மறுப்பு வரும் என்று தெரியும், வரட்டும்.

வழக்கில் இல்லாத சொல்லை ஏன் எழுப்ப வேண்டும் என்று ஓர் ஐயா கேட்டிருந்தார். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் வைத்திருந்த ஒழுங்கு எனக்கு இன்றும் சரியாகப் படுகிறது: முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் வடமொழி, அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு மாற்று. அவர் 1875 இல் ஒரு நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர் வைத்தார். பிள்ளைகள் இன்று இரசாயனவியல் என்கிறார்கள். கெர்ன்ஸ்பாக்கும் அப்படித்தான். தன் இதழில் ‘சயன்டிஃபிக்‌ஷன்’ என்ற சொல்லை முழங்கினார். மூன்றே வருடத்தில், 1929 இல் தொடங்கிய புதிய இதழில் அவரே ‘சயன்ஸ் ஃபிக்‌ஷன்’ என்று எழுதினார். தொடையலும் நிற்காமல் போகலாம். போனாலும், அந்தப் பிள்ளைக்குச் சொல்ல இந்த மாதம் என்னிடம் ஒரு சொல் இருக்கும்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி, இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நிலைமொழி ஈற்று லகரத்தோடு நகரம் புணர்ந்தால் முறைப்படி ‘தொடையனாவல்’ என்று ஆக வேண்டும். கண்ணால் பார்த்தால் யாருக்கும் பிடிபடாது. கலைச்சொல் என்பதால் இரண்டையும் பிரித்தே எழுதலாமா? வாசிகசாலைக்கான தாளை வெள்ளிக்கிழமை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும், அதற்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.