சிஇடி-4 வாசிப்புப் பகுதி: சொல்லெல்லாம் தெரிகிறது, விடை மட்டும் தப்புகிறது. என்ன செய்யலாம்?

வூஹான்_ஆய்வகம்:
வணக்கம். வூஹானில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுமுனைவர் ஆய்வில் இருக்கிறேன். எங்கள் ஆய்வகத்துக்கு வரும் இளநிலை மாணவர்கள் இரண்டு பேர் டிசம்பரில் சிஇடி-4 எழுதுகிறார்கள். நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசுகிற ஆள் இங்கே நான்தான் என்பதால் "ஷிஜியே, ரீடிங் மட்டும் சொல்லிக்கொடுங்கள்" என்று பிடித்துக்கொண்டார்கள். (ஷிஜியே என்றால் படிக்கும் இடத்து மூத்த அக்கா.)

இந்தத் தேர்வைத் தெரியாதவர்களுக்கு: சீனக் கல்லூரி மாணவர்களுக்கான தேசிய ஆங்கிலத் தேர்வு இது. 1987 முதல் நடக்கிறது. ஜூனிலும் டிசம்பரிலும் வரும், மொத்தம் 710. பாஸ் மார்க் என்று அதிகாரபூர்வமாக எதுவும் கிடையாது. ஆனால் 425 வந்தால்தான் அடுத்த நிலைத் தேர்வான சிஇடி-6க்குப் பதிய முடியும், அதனால் எல்லோரும் அதைத்தான் பாஸ் என்கிறார்கள். வாசிப்புக்கு மட்டும் 35 விழுக்காடு.

பிரச்சினை இதுதான். எந்தச் சொல்லைக் கேட்டாலும் சீனப் பொருளைப் பட்டென்று சொல்கிறார்கள். கைப்பேசியில் சொல் மனப்பாடச் செயலி ஒரு நாளும் தவறுவதில்லை. ஆனாலும் பத்தியைப் படித்து விடை தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் தப்பு. நேரமும் போதவில்லை. இன்னும் சொற்பட்டியல் கொடுத்தேன், ஆங்கிலச் செய்தி படிக்கச் சொன்னேன். ஒன்றும் நகரவில்லை. எங்கே கை வைப்பது?

செங்டு_மெடிக்கோ:
அக்கா, நான் இங்கே எம்பிபிஎஸ் படிக்கிறேன். என் அறைத்தோழன் சீனப் பையன், அவனிடம் கேட்டேன். "மூன்று நீளம், ஒன்று குட்டை என்றால் குட்டையைப் போடு. ஒன்றுமே தெரியாவிட்டால் சி" என்றான். இங்கே பள்ளிக்கூடத்திலிருந்தே இதுதான் வேதவாக்காம் 😄

பெனாங்_டீச்சர்:
தம்பி, அந்த வேதத்தை நம்பி உட்கார்ந்தால் அடுத்த ஜூனிலும் எழுத வேண்டியதுதான். ஒன்று மட்டும் சரி: தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், ஆகவே எதையும் காலியாக விடக்கூடாது.

வூஹான் தங்கச்சி, நான் மலேசியாவில் நிறைய வருடம் சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுத்தவள். சொற்பட்டியலை இப்போதைக்கு ஓரம் கட்டுங்கள். அவர்கள் தப்புவிட்ட ஒரு கேள்வியை எடுத்து, விடை இருக்கும் வாக்கியத்தை மட்டும் சீனத்தில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். என்ன சொன்னார்கள் என்று அப்படியே இங்கே எழுதுங்கள். அதைப் பார்க்காமல் மருந்து சொல்ல முடியாது.

வூஹான்_ஆய்வகம்:
செய்தேன் டீச்சர். பயிற்சித்தாளில் இருந்த வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன்: "தி மெஷர்ஸ் தி சிட்டி இன்ட்ரொட்யூஸ்ட் லாஸ்ட் இயர் ஹாவ் டன் லிட்டில் டு ஈஸ் தி டிராஃபிக்."

பையன் சொன்னது: "நகரம் போன வருடம் நடவடிக்கை எடுத்தது. போக்குவரத்து நெரிசல் கொஞ்சம் குறைந்தது." பிறகு "நெரிசல் ஓரளவு தணிந்துள்ளது" என்ற விடையைத் தேர்ந்தெடுத்தான். சரியான விடை "நடவடிக்கைகள் பெரும்பாலும் பலன் தரவில்லை" என்பது. அந்த வாக்கியத்தில் அவனுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை!

பெனாங்_டீச்சர்:
நான் நினைத்தது சரிதான்.

சீனத்தில் "நகரம் போன வருடம் கொண்டுவந்த" என்கிற பகுதி முழுவதும் முன்னால் வரும், அடுத்து "த" என்று ஓர் அசை, அதற்குப் பிறகுதான் "நடவடிக்கை". ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்துவிடும், விளக்கம் வாலாகப் பின்னால் தொங்கும். பல நேரம் "தட்" என்ற இணைப்புச் சொல்கூட இருக்காது. அதனால்தான் "மெஷர்ஸ்" முடிந்து "தி சிட்டி" வந்ததும் அங்கே புது வாக்கியம் தொடங்குகிறது என்று அவன் மூளை முடிவு செய்துவிட்டது.

இதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் பெயரெச்சமும் சீனத்தைப் போலவே முன்னால்தான் நிற்கும். "நகரம் கொண்டுவந்த நடவடிக்கை" என்றுதானே நாமும் சொல்கிறோம்? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வாத்தியாருக்கு இதில் என்ன கஷ்டம் என்றே புரியாது. உங்களுக்குப் புரியும்.

செய்ய வேண்டியது: பென்சிலோடு உட்காரட்டும். வாக்கியத்தின் முதன்மை வினை எது என்று முதலில் தேடிக் கோடு போடட்டும். இங்கே "ஹாவ் டன்". அப்புறம் யார் அல்லது எது என்று பின்னால் போகட்டும். நடுவில் தொங்கும் வாலை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் படிக்கட்டும்: "மெஷர்ஸ் ஹாவ் டன் லிட்டில்." ஒரு நாளைக்கு நாலைந்து வாக்கியம் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது "லிட்டில்". முன்னால் "எ" இருந்தால் கொஞ்சம், இல்லாவிட்டால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சீனத்தில் "எ", "தி" போன்றவை கிடையாது, அதனால் கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும். "ஃப்யூ", "ஹார்ட்லி", "நாட் அன்டில்" எல்லாம் இதே கதைதான். கேள்வி தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

வூஹான்_ஆய்வகம்:
அடடா, பெயரெச்சம் என்று யோசிக்கவே இல்லை. சரி, விடைகளை எப்படி எடைபோடச் சொல்வது? பத்தியில் உள்ள சொல் அப்படியே விடையில் இருந்தால் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பெனாங்_டீச்சர்:
அதற்குத்தான் அந்த விடையை அங்கே வைத்திருக்கிறார்கள். சொற்கள் அப்படியே இருக்கும், ஆனால் காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கும், அல்லது வேறு பத்தியின் செய்தி ஒட்டப்பட்டிருக்கும். சரியான விடை பெரும்பாலும் வேறு சொற்களில் அதே செய்தியைச் சொல்லும். சீன வாத்தியார்கள் இதைத் "தோங்யீ தீஹுவான்" என்பார்கள். அந்தப் பெயரைச் சொன்னாலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் பத்தியின் வரி, வலப்பக்கம் சரியான விடையின் வரி. கீழே, மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, சீனத்திலேயே எழுதட்டும். "பத்தியில் இல்லை" என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளுங்கள். "தோன்றவில்லை", "சரியாகப் படவில்லை" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள்.

மஞ்சள்நதி:
நேரம் பற்றி நான் சொல்கிறேன், நான் ஷாங்காயில் பல வருடமாக இருப்பவன். உங்கள் பிள்ளைகள் தாளில் இருக்கும் வரிசையிலேயே செய்கிறார்களா?

வூஹான்_ஆய்வகம்:
ஆமாம் அண்ணா. முதலில் 15 சொற்களிலிருந்து 10 கோடிட்ட இடம் நிரப்புவது, அடுத்து பத்துக் கூற்றுகளும் நீண்ட கட்டுரையின் எந்தெந்தப் பத்தியில் வருகின்றன என்று பொருத்துவது, கடைசியில் இரண்டு பத்தியும் கேள்விகளும்.

மஞ்சள்நதி:
அதுதான் கோளாறு. கோடிட்ட இடம் ஒன்றுக்கு அரை விழுக்காடு. பத்தி பொருத்துவதில் ஒன்றுக்கு ஒரு விழுக்காடு. கடைசிப் பத்திக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் இரண்டு. 710இல் பார்த்தால் 3.55, 7.1, 14.2. மதிப்பெண்ணைச் சமன்படுத்தித்தான் தருவார்கள், அப்படியே கூட்டிக்கொள்ள முடியாது, ஆனாலும் எது கனம் என்று தெரிகிறதல்லவா? முன்னால் அச்சடித்திருக்கிறார்கள் என்பதற்காக அரை விழுக்காட்டுக் கேள்வியில் கால் மணி நேரத்தைக் கொட்டுவது எனக்கு என்றைக்கும் விளங்காத விஷயம்.

வாசிப்புக்கு 40 நிமிடம், மொழிபெயர்ப்புக்கு 30. கேட்டல் முடிந்ததும் முதல் விடைத்தாளை வாங்கிக்கொள்வார்கள், மீதி 70 நிமிடமும் பிள்ளைகள் கையில். கடைசி இரண்டு பத்தியை முதலில் முடிக்கட்டும். கேள்விகள் பொதுவாகப் பத்தியின் ஓட்டத்திலேயே வரும், அதனால் கேள்வியைப் படித்துவிட்டுப் பத்திக்குப் போகலாம். அடுத்து பொருத்துதல், கடைசியில் கோடிட்ட இடம்.

பொருத்துதலில் கூற்றுகள் கட்டுரையின் வரிசையில் இருக்காது, ஒரே பத்தி இரண்டு முறையும் விடையாகலாம். ஆகவே பத்துக் கூற்றையும் முதலில் படித்துப் பெயர், ஆண்டு, எண் எல்லாவற்றையும் வட்டமிட்டுவிட்டு, பிறகு கட்டுரையை ஒரே ஓட்டமாகப் பார்க்க வேண்டும். எண்ணில் மட்டும் கவனம். சீனர்கள் பத்தாயிரத்தை "வான்" என்று ஓர் அலகாக எண்ணுவார்கள், மில்லியன் என்றால் நூறு வான் என்று மனத்துக்குள் மாற்றிப் பார்த்துத் தடுமாறுவார்கள். (லட்சம், கோடி என்று வளர்ந்த நாமும் பில்லியனைப் பார்த்தால் ஒரு நொடி நிற்கத்தானே செய்கிறோம்.)

கோடிட்ட இடத்துக்கு, 15 சொற்களையும் பெயர், வினை, பெயரடை, வினையடை என்று முதலில் பிரித்துவிட வேண்டும். சீனத்தில் வினை உருமாறாது, அதனால் "எட்", "இங்" விகுதிகளை இவர்கள் பார்ப்பதே இல்லை. அதைப் பார்த்தாலே பாதிச் சொற்கள் கழிந்துவிடும்.

வூஹான்_ஆய்வகம்:
இன்னொன்று. விடுதிக்குப் பக்கத்தில் ஏரிக்கரையில் காலையில் ஆங்கிலத்தைச் சத்தமாக வாசிக்கிறார்கள். தேர்வில் படிக்கும்போதும் உதடு அசைகிறது. நிறுத்தச் சொல்லவா?

பெனாங்_டீச்சர்:
காலை வாசிப்பை நிறுத்தாதீர்கள், உச்சரிப்புக்கு நல்லது, அதோடு அது அவர்கள் பள்ளிக்காலப் பழக்கம். பயிற்சித்தாள் செய்யும்போது மட்டும் வாயை மூடிப் படிக்கட்டும். பென்சில் நுனியைச் சொற்கூட்டம் சொற்கூட்டமாக நகர்த்தச் சொல்லுங்கள், உதடு தானாக நிற்கும்.

மஞ்சள்நதி:
பழைய வினாத்தாள்களையே பயன்படுத்துங்கள். "ஜென்தி" என்று கேட்டால் எந்தப் புத்தகக் கடையிலும் கொடுப்பார்கள். மாதிரித்தாள்களில் தவறான விடைகளை ஏனோதானோ என்று எழுதியிருப்பார்கள், டீச்சர் சொன்ன நோட்டுக்கு அவை உதவாது. கடைசி ஒன்றிரண்டு தாள்களைத் தொடாமல் வைத்து, தேர்வுக்கு முன் கடிகாரம் வைத்து எழுத விடுங்கள்.

செங்டு_மெடிக்கோ:
என் அறைத்தோழன் அடுத்து காவ்யான் எழுதப் போகிறானாம். இதே முறை போதுமா?

பெனாங்_டீச்சர்:
மேல்படிப்பு நுழைவுத்தேர்வா? அதில் 100 மார்க்கில் 40 மார்க் நாலே நாலு பத்திக்கு, வாக்கியங்களும் இன்னும் நீளம். பென்சில் வேலையும் நோட்டும் அப்படியே செல்லும், மஞ்சள்நதி சொன்ன நேரக்கணக்கு செல்லாது. தனி இழை திற தம்பி, அங்கே பேசலாம்.